சத்தம் சரிபார்த்தல்

கலியாணம், சுன்னத்து, சாமத்தியம், ஒளிவிழா,
கூப்பிட்டால் எல்லாம் எடுப்பேன். கிண்ணியாவில் கடை.
உவர்மலை வீட்டுக்குப் போனது
ஐம்பதாவது கலியாண நாள் எடுக்க.
முற்பணம் ஆறாயிரம்.

வாசலில் கட்டின வாழையை
ஊர் மான் ஒன்று நின்று தின்றது.
நல்ல சகுனம், விடுங்கோ என்றார்
அருளம்பலம் மாஸ்டர்.
பட்டு வேட்டி. காதில் புது மெஷின்,
மகன் கனடாவிலிருந்து கொண்டுவந்தது,
அன்றுதான் போட்டாராம்.

மகன் கோணேசலிங்கம், ஸ்காபரோ.
மூத்தவள் தவமலர், பாரிஸ்.
சின்னவள் ரூபவதி லிங்கநகரிலிருந்து ஆட்டோவில்.
பாரைக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல்.
கேக்கில் பேரன் விரல் விட்ட பள்ளத்தை
ரோசாப்பூவால் மூடியிருந்தார்கள்.

சுவரில் கலியாணப் படம்.
மாப்பிள்ளையின் தோளில் ஒரு கை,
கைக்கு ஆளில்லை.
நான் வெட்டி ஒட்டிச் சாப்பிடுகிறவன்;
கத்தரி போன இடம் எனக்குத் தெரியும்.

மாஸ்டரின் சால்வையில் மைக்கைக் குத்திவிட்டு
சத்தம் ஏறுதா என்று பார்க்க
மேசையில் தட்டினேன், எப்போதும் தட்டுகிற மாதிரி.
டக் டக்.
கொஞ்சம் பொறுத்து,
டக்.

கரண்டிகள் நின்றன.

தவமலர் என்னைப் பார்த்தாள்,
நான் யாரையோ கையில் பிடித்து
உள்ளே கூட்டிவந்தவன் போல.
"ஆனந்தன் சித்தப்பா" என்றாள்.

தொண்ணூறு, ஆனி மாதம், ஊரடங்கு.
பின்கதவில் இரண்டு தட்டு, பிறகு ஒன்று.
"நான் முழிப்பு. நீங்கள் எல்லாரும் நித்திரை எண்டு நினைச்சன்.
கொண்டியில கை வைச்சனான். இழுக்கேல்ல."

கோணேசலிங்கம் கோப்பையைத் தள்ளினான்.
"நீயோ முழிப்பு? நீ குறட்டை விட்டனி.
நான்தான் முழிப்பு."

ரூபவதி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:
"அம்மா என்ர வாயைப் பொத்தினவ.
கையில வெங்காய மணம்."

முப்பத்தைந்து வருஷமாய்
ஸ்காபரோவில் ஒருவன், பாரிஸில் ஒருத்தி,
இரண்டு மைல் தள்ளி ஒருத்தி,
தான் மட்டும்தான் கொன்றதென்று
தனித்தனியே படுத்து எழும்பியிருக்கிறார்கள்.

செல்வநாயகி அம்மா எழும்பி
இல்லாத ஈயை
மீன்சட்டியிலிருந்து விரட்டினார்.

மாஸ்டர் மெஷினைக் கழற்றி
கோப்பையின் கரையில், முள்ளுகளோடு வைத்தார்.
இனி அவருக்கு ஒன்றும் கேட்காது.
மைக்கைக் கழற்ற மறந்துபோனார்.
என் ஹெட்போனுக்குள் மட்டும், மூச்சுக்கு நடுவில்,
"மூண்டு இரவு வந்தவன்."

பிறகு கத்தல், அழுகை, ஒரு கதிரை விழுந்தது.
பேரப்பிள்ளைகள் கேக் வெட்டச் சொல்லிக் கேட்டார்கள்.
வெட்டினார்கள். எடுத்தேன்.

கிழமை கழித்து ஸ்காபரோவிலிருந்து கோல்:
"தம்பி, அந்தப் பதினாலு நிமிசத்தை எடுத்திட்டு
சாப்பாட்டைக் கேக்கோட ஒட்டிவிடுங்கோ."
ஒட்டினேன். தெரியாது.
மாஸ்டர் கோப்பையைப் பார்த்துக் குனிகிறார்,
நிமிரும்போது வாயில் கேக்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை,
ஜும்மா முடிந்து கடை திறக்கிறேன்,
வாசலில் செல்வநாயகி அம்மா, தனியே,
கையில் பஸ் டிக்கெட்டும் ஐயாயிரம் தாள் ஒன்றும்.

"வெட்டினதைத் தா" என்றார்.
பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.
போகவில்லை.

"அவர் ஏதோ சொன்னவர். வாய் அசைஞ்சது.
எத்தினை இரவெண்டு சொன்னவரோ?"

மின்விசிறி சுற்றியது.

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டு."

அந்த இடத்தில் சத்தத்தை நான்
முதல் நாளே அழித்திருந்தேன்,
ஏனென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"சரியாப் புடிபடல்ல, அம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
உள்ளே ஆள் இருக்கிறதென்று தெரிந்தும்
திறக்காத வீட்டைப் பார்ப்பது போல.

மிச்சக் காசு வாங்கவில்லை.
பாலத்தால் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

இப்போதெல்லாம்
மைக்கை ஊதித்தான் பார்க்கிறேன்.